கார் போனது, பெயர் போகவில்லை!

காரைக்குடிப் பக்கத்தில் உள்ள ஊர், நேமத்தான்பட்டி. நகரத்தார் ஊர்களில் ஒன்று.

இந்தப் பக்கத்து வீடுகள் நீளமானவை. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும். பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், படைப்பு, கோவில் திருவிழா என்றால் வீடு நிறையும். மற்ற நாட்களில் வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள்.

இந்த ஊரில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவுக்கு வயது 74. அப்பத்தாவுக்கு 70. வீட்டில் ஒரு சின்னக் கார் நிற்கிறது. மாருதி 800. 2003-ல் வாங்கியது. எண் பலகையில் டி.என்.63 என்று இருக்கும். சிவகங்கை வண்டி.

அந்தக் காரில்தான் பிள்ளையார்பட்டிக்குப் போவார்கள். குன்றக்குடிக்குப் போவார்கள். டாக்டரைப் பார்க்கக் காரைக்குடிக்குப் போவார்கள். மாதத்துக்கு 300 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

தீபாவளிக்கு வந்த பேரன் காரைச் சுற்றிப் பார்க்கிறான்.

"ஐயா, இதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். புதுக் கார் விலை குறைந்துவிட்டது" என்கிறான்.

"ஓடுகிற வண்டியை ஏன்டா கொடுக்க வேண்டும்?" என்கிறார் ஐயா.

"கொடுக்கிறதோ வைக்கிறதோ, என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியிலே நிற்காத வண்டி வேண்டும்" என்கிறார் அப்பத்தா.

இந்தக் குடும்பம் ஓர் உதாரணம்தான். ஆனால், இந்தப் பேச்சு இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

யார் சொல்வதைக் கேட்பது?

விலை ஏன் குறைந்தது?

2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. வரி மாறியது.

அதற்கு முன் சின்னப் பெட்ரோல் காருக்கு 28 சதவீதம் வரி. அதன்மேல் 1 சதவீதம் கூடுதல் வரி. இரண்டும் போய், இப்போது 18 சதவீதம் ஆகியிருக்கிறது.

சின்னக் கார் என்றால் எது? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்ஜின் என்றால் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். டீசல் என்றால் 1,500 சி.சி.க்குள் இருக்க வேண்டும்.

வரி குறைந்த அன்று ஆல்டோ கே10 காரின் தொடக்க விலை ரூ.3,69,900 ஆயிற்று.

பேரன் இதைத்தான் பத்திரிகையில் படித்திருக்கிறான். ஆனால், கடை விலை வேறு. கார் வீட்டுக்கு வந்து சேரும் விலை வேறு.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தது. ரூ.5 லட்சத்துக்கு உட்பட்ட புதுக் காருக்கு 12 சதவீதம் ஆயுள் வரி. ஆகவே, இந்தக் காருக்கு ஏறத்தாழ ரூ.44 ஆயிரம் கட்ட வேண்டும். புதுக் காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் இன்சூரன்சை மொத்தமாக எடுக்க வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி. இவற்றைக் கூட்டினால், நாலு லட்சத்தைத் தாண்டிவிடும்.

வரி குறைந்தது உண்மை. ஆனால், ஐயா பென்ஷனில் வாங்கக்கூடிய பொருளாக அது இன்னும் ஆகவில்லை.

சின்னக் காரின் கதை

சாமானியனுக்கு ஒரு சின்னக் கார் வேண்டும் என்ற பேச்சு நம் நாட்டில் புதிதல்ல.

முன்பெல்லாம் கார் என்றால் அம்பாசிடர், பியட், ஹெரால்டு. மூன்றுதான். ஹெரால்டு நம்மூர் வண்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961-ல் அது வெளிவந்தது. அந்தத் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டது. அம்பாசிடர் 2014 மே மாதத்தோடு நின்றது.

அந்தக் காலத்தில் காருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பார்கள். கார் கைக்கு வந்ததும், கூடுதல் விலை கொடுத்து வாங்க வேறொருவர் வாசலில் நிற்பார்!

1983 டிசம்பர் 14-ந் தேதி மாருதி 800 வந்தது. பிரதம மந்திரி இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தார். விலை ஏறத்தாழ ரூ.50 ஆயிரம். ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கு ரூ.10 ஆயிரம் கட்டி முன்பதிவு செய்திருந்தார்கள்.

796 சி.சி. என்ஜின். மூன்று சிலிண்டர். பெரிய கார்கள் குடித்த பெட்ரோலில் பாதியைக் குடித்து அது ஓடியது. உதிரிச் சாமான் சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைத்தது. டாக்டர், வாத்தியார், கடைக்காரர் எல்லோரும் கார் வைத்திருக்கும் காலம் வந்தது. 2014 ஜனவரியில் அதன் உற்பத்தி நின்றது.

1998-ல் சாண்ட்ரோ வந்தது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி அது.

2009-ல் நானோ வந்தது. ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசியது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நாலு பேர் போவதைக் கண்டுதான் இந்த எண்ணம் வந்தது என்று ரத்தன் டாடா சொன்னார். ஆனால், எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 2018-ல் உற்பத்தி நின்றது. 'மலிவுக் கார்' என்று பெயர் விழுந்ததே தவறு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

மக்கள் மலிவாக வாங்க விரும்புவார்கள். ஆனால், மலிவான பொருளை வைத்திருப்பவர் என்று மற்றவர் சொல்வதை விரும்ப மாட்டார்கள். நானோ கற்றுக்கொடுத்த பாடம் இது.

பெரிய காரின் காலம்

இப்போது காற்று பெரிய கார் பக்கம் வீசுகிறது.

2024-25-ம் ஆண்டில் நாட்டில் விற்ற பயணிகள் வண்டிகள் ஏறத்தாழ 43 லட்சம். அவற்றில் நூற்றுக்கு 65, உயரமான எஸ்.யூ.வி. போன்ற வண்டிகள். சின்னக் கார் பின்தங்கிவிட்டது.

இதற்குக் காரணம் ஆசை மட்டும்தானா?

சின்னக் காரின் விலை ஏறியதும் ஒரு காரணம். 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு கடுமையாயிற்று. 2022 தொடக்கத்தில் இருந்து முன் இருக்கைகள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயம் ஆயிற்று. இரண்டும் நல்ல விதிகள். ஆனால், செலவு கூடியது. ரூ.15 லட்சம் காரில் அந்தச் செலவு தெரியாது. ரூ.3 லட்சம் காரில் நன்றாகத் தெரியும்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர் காருக்கு மாறுவதற்கு, சின்னக் கார்தான் முதல் படி. அந்தப் படி உயர்ந்துவிட்டால், அவர் என்ன செய்வார்? மோட்டார் சைக்கிளிலேயே இருப்பார்; அல்லது பழைய கார் தேடுவார்.

வரிக் குறைப்பு இந்தப் படியைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறது. எட்டாதவர்களுக்கு இன்னும் பழைய கார்தான் கதி. ஆகவே, பழைய காரைப் பற்றிய விதிகளை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய காரை வைத்துக்கொண்டால்?

"15 வருஷம் ஆனால் காரை நசுக்கிவிடுவார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். அது டெல்லிப் பக்கத்து விதி. தமிழ்நாட்டில் அப்படி இல்லை.

இங்கே சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு, வண்டியைக் காட்டி, தகுதி இருந்தால், 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளலாம்.

ஆனால், கட்டணம் ஏறிவிட்டது. 15 ஆண்டான காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் இருந்து ரூ.5 ஆயிரம். 2025 ஆகஸ்டில் வந்த விதிப்படி, 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு ரூ.10 ஆயிரம். பசுமை வரி தனி.

ஐயாவின் காரைப் பாருங்கள். 2003-ல் பதிவு. 2018-ல் ஒரு முறை புதுப்பித்தார். 2023-ல் மறுமுறை. அடுத்தது 2028. அப்போது ரூ.10 ஆயிரம் கட்ட வேண்டும். 5 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு ரூ.2 ஆயிரம்.

1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 2022-ல் ஆண்டுக்கு ரூ.2,094 என்று நிர்ணயிக்கப்பட்டது.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்களில் இதனால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-லேயே சொன்னது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார், 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடிக்கும். இனி ஒன்றரை லிட்டர் கூடலாம். மாதம் ரூ.150 என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் அடிக்கடி பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை வந்தால் உடனே பட்டறைக்குப் போக வேண்டும்.

பணக் கணக்கில் ஐயா சொல்வதே சரி. புதுக் காருக்குக் கொடுக்கும் வட்டியில் பழைய காரை ஓட்டிவிடலாம்.

ஆனால், பாதுகாப்புக் கணக்கு வேறு. 2003-ல் வாங்கிய மாருதி 800-ல் காற்றுப்பை கிடையாது. 2014-ல் ஓர் உலக அமைப்பு, காற்றுப்பை இல்லாத ஐந்து சின்னக் கார்களைத் தடுப்பில் மோதிச் சோதித்தது. பெரியவர்களின் பாதுகாப்பில் ஐந்துக்கும் கிடைத்த நட்சத்திரம் பூஜ்யம்!

ஊருக்குள் நிதானமாக ஓட்டுவதற்குப் பழைய கார் போதும். திருச்சிக்கும் மதுரைக்கும் நெடுஞ்சாலையில் விரைந்து போக அதை நம்பக்கூடாது. யாருடைய பேச்சைக் கேட்பது என்ற கேள்விக்கு இதுதான் விடை. எங்கே, எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நிற்கிற கார் கெடும்

ஓடுகிற காரைவிட நிற்கிற கார்தான் சீக்கிரம் கெடுகிறது. பூட்டிய வீடுகள் உள்ள ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

பாட்டரி இறங்கிவிடும். பிரேக் பிடித்துக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். எலி வயரைக் கடிக்கும். பானட்டைத் திறந்தால் உள்ளே கூடு கட்டியிருக்கும்!

வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் ஓட்டினால் இவற்றில் பாதி வராது.

இது செம்மண் பூமி. காற்று வடிகட்டியில் புழுதி அடையும். அடைந்தால் என்ஜின் மூச்சுத் திணறும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். வடிகட்டி மாற்றுவது சின்னச் செலவு. அதை மறந்தால் வருவது பெரிய செலவு.

டயர் பட்டன் தேயவில்லை என்று பத்து வருஷம் ஓட்டுவார்கள். அது தவறு. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டு 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். வயதான ரப்பர் வெடிக்கும்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை

பழைய கார் வாங்குகிறவர் காலையில் போக வேண்டும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்ல வேண்டும்.

நீலப் புகை வந்தால், என்ஜின் ஆயிலை எரிக்கிறது. கரும்புகை வந்தால், பெட்ரோலை வீணாக்குகிறது. கனத்த வெள்ளைப் புகை விடாமல் வந்தால், தண்ணீர் உள்ளே போகிறது.

கால்மிதியைத் தூக்கித் தரையைப் பார்க்க வேண்டும். துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். நான்கு கதவுகளின் இடைவெளியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மாறியிருந்தால், கார் எங்கோ அடிபட்டிருக்கலாம்.

ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்த சான்று கேட்க வேண்டும். படிவம் 35 அதற்குத்தான்.

கூட ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

விற்பதில்தான் ஆபத்து!

இனி, முக்கியமான விஷயம்.

கார் விற்பது எப்படி நடக்கிறது? தரகர் வருகிறார். விலை படிகிறது. பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். இரண்டு வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். "மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கார் போய்விடுகிறது.

கார் போய்விட்டது. பெயர் போகவில்லை!

தரகர் அதை இன்னொருவருக்கு விற்கிறார். அவர் மற்றொருவருக்கு விற்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் பழைய பெயர் அப்படியே இருக்கிறது.

ஒரு நாள் அந்தக் கார் விபத்தில் சிக்குகிறது. ஓர் உயிர் போகிறது. நஷ்ட ஈடு யார் தருவது?

இதே கேள்வி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. விற்ற கார் பல கை மாறியிருந்தது. பெயர் மாறவில்லை. 2009-ல் அது மோதி ஒருவர் இறந்தார். "நான் 2007-லேயே விற்றுவிட்டேன்" என்றார் முதல் உரிமையாளர்.

2018 பிப்ரவரி 6-ந் தேதி தீர்ப்பு வந்தது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே சட்டப்படி உரிமையாளர். நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று கோர்ட்டு சொன்னது.

காரணமும் சொன்னது. அடிபட்ட குடும்பம், கார் எந்தெந்தக் கைக்கு மாறியது என்று தேடி அலையக்கூடாது.

நியாயமான தீர்ப்பு. ஆனால், விற்றவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். காருக்குச் சரியான இன்சூரன்ஸ் இருந்தால், கம்பெனி நஷ்ட ஈட்டைக் கட்டும். அது காலாவதி ஆகியிருந்தால்? விற்ற விலையைப் போலப் பல மடங்கு பணம் கேட்டு நோட்டீஸ் வீட்டுக்கு வரும். பிள்ளைகள் வெளிநாட்டில், வயதானவர்கள் கோர்ட்டு வாசலில்!

செய்ய வேண்டியது என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவு வழி சொல்கிறது.

அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29.

வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்ற மனுச் செய்ய வேண்டும். இதற்குப் படிவம் 30.

வேறு மாநிலத்துக்குப் போகும் கார் என்றால், ஆட்சேபணை இல்லைச் சான்று வேண்டும். அதற்குப் படிவம் 28.

இன்சூரன்சையும் வாங்கியவர் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும்.

பழைய கார் வியாபாரியிடம் கொடுத்தால், 2023 ஏப்ரல் முதல் ஒரு நல்ல வழி இருக்கிறது. அவர் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். அப்படியானால், படிவம் 29-சி மூலம் கார் அவர் கைக்குப் போனதைப் பதிவு செய்யலாம். அதன் பிறகு அந்தக் காருக்கு அவரே பொறுப்பு.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. வாங்குபவரின் பெயர், விலாசம், தேதி, நேரம் எழுதிய பிறகே போட வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும்.

ஓடாத காரைக் காயலான் கடையில் சும்மா தள்ளுவதும் ஆபத்தே. அங்கீகாரம் பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கிப் பதிவை ரத்து செய்ய வேண்டும்.

ஐயாவின் முடிவு

நேமத்தான்பட்டி வீட்டில் கடைசியில் என்ன முடிவாகும்?

பேரன் சம்பாதிக்கிறவன். புதுக் கார் வாங்கப் பணம் அவன் தருகிறான். அப்பத்தா கேட்டபடி வழியில் நிற்காத கார் வருகிறது. பழைய காரைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்கிறார். ஊருக்குள் ஓட்ட அவருக்கு அது போதும்.

தரகர் படிவத்தை நீட்டுகிறார். ஐயா பேனாவை எடுக்கவில்லை.

"நாளைக்குக் காலையில் மூன்று பேரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போவோம். மனுவைக் கொடுத்து ரசீது வாங்கிய பிறகு சாவி தருகிறேன்" என்கிறார்.

"நம்பிக்கை இல்லையா?" என்கிறார் தரகர்.

"நம்பிக்கை இருக்கிறது. அதையும் எழுத்தில் வைத்துக்கொள்வோம்" என்கிறார் ஐயா.

வட்டிக் கடையிலும் கணக்குப் புத்தகத்திலும் வளர்ந்த ஊர் அது. அந்தப் பேச்சு அங்கே யாருக்கும் புதிதல்ல.

உங்கள் வீட்டில் எப்போதாவது ஒரு கார் விற்றது உண்டா? ஸ்கூட்டர் விற்றது உண்டா? அதன் எண் நினைவிருந்தால், போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையப் பக்கத்தில் பாருங்கள், அல்லது ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள்.

அது இன்னும் உங்கள் பெயரில் இருந்தால், இன்றே எழுத்து மூலம் தெரிவித்து ரசீது வாங்குங்கள்.